கணினிப் பயன்பாட்டு மென்பொருள் எங்கே படிப்பது? சமுதாயக் கல்லூரி, அரச நிலையம், டவுன் வகுப்பு, வீடு: மலையகத்து மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் தோட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி: "புள்ளைய கொம்பியூட்டர் படிக்க விடணும், எங்க விடுறது?" தோட்டத்துக்குக் கிட்டவே ஒரு சமுதாயக் கல்லூரி இருக்கும். திருச்சபையோ தொண்டு நிறுவனமோ நடத்தும். மூன்று மாதம் அல்லது ஆறு மாதம். பிரதேச செயலகத்து அறிவித்தல் பலகையில் அரச பயிற்சி நிலையத்தின் விண்ணப்பம் ஒட்டியிருக்கும். டவுனில் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் ஒரு தனியார் வகுப்பு. ஃபோன் இருந்தால் போதும், வீட்டிலேயே படிக்கலாம் என்று சொல்ல ஓர் அண்ணனும் இருப்பார்.

இந்த நான்கில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. வீடு எங்கே இருக்கிறது, பிள்ளைக்கு எந்த மொழி ஓடும், படித்து முடித்ததும் எந்தக் கதவைத் தட்டப் போகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

## எதை வைத்து அளப்பது

விசைப்பலகையில் கை இருக்கும் நேரம். வேர்டும் எக்செலும் கைப்பழக்கம். கொழுந்து எடுப்பதை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் பழக முடியாது, இதுவும் அப்படித்தான். அதனால் "எத்தனை மாதம்?" என்பதை விட, "ஓர் ஆளுக்கு ஒரு கணினியா? வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம்?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 20 பேர் வகுப்பில் 10 கணினிதான் ஓடுகிறது என்றால், சொல்லப்பட்ட நேரத்தில் பாதிதான் உங்களுடையது. மலையகத்தில் இதைக் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும். மின்சாரம் ஏறி இறங்குவதால் பவர் சப்ளை எரிவதும், மழைக்கால ஈரத்தில் ரெம் எனும் நினைவகத்தின் தொடுமுனைகள் கறுத்துப்போய்க் கணினி திரை காட்டாமல் நிற்பதும் இங்கே வழக்கம். அறையில் 15 கணினி வரிசையாக இருக்கும், ஓடுவது 9 ஆக இருக்கலாம்.

மொழி. மென்பொருளின் மெனு எங்கே போனாலும் ஆங்கிலம்தான். அது பெரிய தடை அல்ல. அடிக்கடி வரும் நூறு, நூற்றைம்பது சொற்களைப் பார்த்ததும் தெரியும் அளவுக்குப் பழகினால் போதும். விளக்கம் எந்த மொழியில் என்பதுதான் தீர்மானிக்கும். ஒரு சூத்திரம் ஏன் பிழைத்தது என்பதைப் புரியாத மொழியில் எத்தனை தரம் கேட்டாலும் மனதில் நிற்காது.

சான்றிதழ் எதுவரை செல்லும். நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ் வேறு, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வேறு. பின்னதைத்தான் எல்லோரும் என்.வீ.கியூ. என்கிறார்கள்.

முழுச் செலவு. கட்டணத்தோடு பஸ், மதியச் சாப்பாடு, அச்சுக் குறிப்பு, பரீட்சைக் கட்டணம், கடைசி பஸ் போய்விட்டால் ஓட்டோ. வேலைக்குப் போகும் வயதுள்ளவர் என்றால் இழக்கும் நாட்பேரையும், அதாவது அந்த நாட்களின் சம்பளத்தையும், சேர்த்துக்கொள்ளுங்கள்.

## எந்த வழியில் போனாலும் கைக்கு வர வேண்டியவை

நிலையங்களை ஒப்பிடும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. "எம்.எஸ். ஒஃபிஸ்" என்று விளம்பரப் பலகையில் இருப்பதும், தோட்டக் காரியாலயத்திலோ கொமினிகேஷன் கடையிலோ வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கேட்கப்படுவதும் ஒன்றல்ல. கீழே உள்ளவற்றைச் செய்ய வைக்கிறார்களா என்று பாருங்கள்.

*சம்பளத் தாள்.* 30 பேரின் பெயர், வேலை செய்த நாட்கள், நாட்சம்பளம், பிடித்தங்கள், கைக்கு வரும் தொகை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 சதவீதம், தொழில்தருநரிடமிருந்து 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநரிடமிருந்து 3 சதவீதம். 30,000 ரூபா சம்பளத்துக்கு இவை முறையே 2,400, 3,600, 900 ரூபா. நாட்சம்பளத்தை ஒரே கட்டத்தில் போட்டுவிட்டுச் சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போதுதான் புதியவர்கள் தடுமாறுவார்கள்: முதல் வரி சரியாக வரும், இரண்டாவது வரியிலிருந்து பூச்சியம் விழும். சூத்திரம் ஒரு வரி இறங்கும்போது, அது பார்க்கும் கட்டமும் ஒரு வரி இறங்கி வெற்றிடத்தைப் பார்க்கிறது. டொலர் குறி போட்டு அந்தக் கட்டத்தைப் பூட்ட வேண்டும். இந்த ஒன்றை விளங்கிக்கொண்டவருக்கு எக்செலில் பாதி வந்துவிட்டது.

*அடையாள அட்டை இலக்கம்.* புதிய தேசிய அடையாள அட்டைக்கு 12 இலக்கங்கள். எக்செலில் சாதாரணக் கட்டத்தில் தட்டினால் அது புள்ளியும் கூட்டல் குறியும் கொண்ட விஞ்ஞான வடிவத்துக்கு மாறி நிற்கும். தொலைபேசி இலக்கத்தின் முன்னால் உள்ள பூச்சியம் காணாமல் போகும். தட்டுவதற்கு முன்பே அந்த நிரலை "டெக்ஸ்ட்" வகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் எந்த அலுவலகத்திலும் முதல் நாளே முன்னால் வந்து நிற்கும் பிரச்சினை இது.

*தேடி எடுத்தல்.* பதிவிலக்கத்தைக் கொடுத்தால் பெயர் வர வேண்டும். அதற்கு எக்செலில் உள்ள சூத்திரம் வீலுக்கப். இதன் நான்காவது இடத்தில் "ஃபோல்ஸ்" என்று கொடுக்காமல் விட்டால், கிட்டத்தட்டப் பொருந்தும் ஏதோ ஒரு வரியை எடுத்துக் கொடுத்துவிடும். பிழை என்று ஒரு செய்தியும் வராது, வேறு ஆளின் பெயர் வந்து உட்காரும். சம்பளத் தாளில் இது நடந்தால் என்னவாகும் என்பதைப் பயிற்றுநர் வகுப்பில் ஒரு தரமாவது செய்து காட்ட வேண்டும்.

*தமிழ்த் தட்டச்சு.* பாமினி எழுத்துருவும் யூனிகோடும் இரண்டு வேறு உலகங்கள். பாமினியில் தட்டியது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டிக் கிடக்கும். இணையப் படிவத்தில் ஒட்டினாலும் அதே கதி. இன்றும் அச்சகங்களிலும் கொமினிகேஷன் கடைகளிலும் பாமினி கேட்கிறார்கள். மின்னஞ்சலுக்கும் இணையத்துக்கும் யூனிகோட் வேண்டும். ஒன்றைப் படித்து மற்றதை விட வேண்டியதில்லை: பாமினி விசையமைப்பிலேயே யூனிகோட் தட்ட இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. விரல் பழக்கம் ஒன்று, வெளிவரும் எழுத்து இரண்டு விதம். இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்காத நிலையம் தமிழ்த் தட்டச்சு கற்பித்ததாகாது.

வேர்டில் இடைவெளி விசையைத் தட்டித் தட்டி வரிசைப்படுத்தாமல் "டேப்" வைத்தும் அட்டவணை வைத்தும் ஒழுங்குபடுத்தல், ஒரே கடிதத்தை நூறு பெற்றோருக்குப் பெயர் மாற்றி அச்சிடும் மெயில் மேர்ஜ், பீ.டீ.எஃப். ஆக்கி மின்னஞ்சலில் அனுப்புதல் ஆகியவையும் வேண்டும். பவர்பொயின்டுக்கு ஒரு வாரம் போதும். அதற்கு ஒரு மாதம் ஒதுக்கும் பாடத்திட்டத்தில் எக்செலுக்கு நேரம் குறைந்திருக்கும்.

மென்பொருள் பழைய பதிப்பாக இருப்பதைப் பெரிய குறையாக எடுக்க வேண்டாம். மேலே சொன்ன அனைத்தும் பழைய எக்செலிலும் நடக்கும், இலவச லிப்ரே ஒஃபிஸிலும் ஏறக்குறைய அப்படியே நடக்கும்.

## சமுதாயக் கல்லூரி

மொழியில் இதை எதுவும் மிஞ்சாது. விளக்கம் தமிழில், அதுவும் நம் பேச்சில். வகுப்பு சிறியது. பயிற்றுநர் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர். பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிப்பார். பாடசாலையில் கணினி அறையே பார்க்காத பிள்ளைக்கும், இடையில் படிப்பை விட்டவருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு திரும்பப் படிக்க வரும் பெண்களுக்கும் இந்த அணைப்பு பெரிய விஷயம். கட்டணம் குறைவு, சில இடங்களில் பெயரளவுக்குத்தான். கிட்ட இருப்பதால் இருட்டும் முன் வீடு வந்துவிடலாம்.

குறைகள் இரண்டு. முதலாவது, நேரம். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு மூன்று மணித்தியாலம், 13 வாரம் என்றால் மொத்தம் 117 மணித்தியாலம். இருவருக்கு ஒரு கணினி என்றால் அதில் 58 தான் மிச்சம். அடித்தளம் போட இது போதும், வேலைக்குப் போதாது. வகுப்பு இல்லாத நேரத்தில் அறையைத் திறந்துவிடுவார்களா என்று கேளுங்கள். திறந்துவிடும் சமுதாயக் கல்லூரி, அதைவிடப் பெரிய பெயருள்ள நிலையத்தை விடப் பயன் தரும்.

இரண்டாவது, சான்றிதழ். 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தொழிற்பயிற்சி நடத்தும் நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற் கல்வி ஆணைக்குழுவில் பதிவுசெய்ய வேண்டும். பல பெற்றோர் ஏமாறுவது இங்கேதான்: நிறுவனம் பதிவுசெய்யப்பட்டிருப்பது ஒன்று, அது நடத்தும் பாடநெறி என்.வீ.கியூ. தருவதற்கு அங்கீகாரம் பெற்றிருப்பது இன்னொன்று. சுவரில் தொங்கும் பதிவுச் சான்றிதழ் முதலாவதைத்தான் காட்டும். "இந்தப் பாடநெறிக்கு அங்கீகாரக் கடிதம் இருக்கா? எந்த நிலைக்கு?" என்று கேளுங்கள். இல்லை என்று நேராகச் சொன்னால் அதற்காக விலக வேண்டாம். எந்த நோக்கத்துக்குச் சேர்கிறீர்கள் என்பது தெளிவாக இருந்தால் போதும்.

மறைந்திருக்கும் செலவு: திட்ட நிதியில் ஓடும் நிலையம் என்றால் நிதி முடியும்போது பயிற்றுநர் மாறுவார், அல்லது அடுத்த தொகுதி தொடங்காது. முதல் கட்டம் முடித்துவிட்டு இரண்டாம் கட்டத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. இரண்டாம் கட்டம் எப்போது என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

## அரச தொழிற்பயிற்சி நிலையமும் தொழில்நுட்பக் கல்லூரியும்

தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள், கண்டி, பதுளை, பண்டாரவளை போன்ற இடங்களில் உள்ள தொழில்நுட்பக் கல்லூரிகள் ஆகியவை இந்த வகை. இங்கே கிடைக்கும் பெரிய பலன் என்.வீ.கியூ. அந்தக் கட்டமைப்பில் ஏழு நிலைகள்: 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். கணினிப் பயன்பாட்டு உதவியாளர் 3 ஆம் நிலை. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்துக்கான சான்றிதழ் 4 ஆம் நிலை. 4 இல் ஒஃபிஸ் மென்பொருளோடு நிற்க மாட்டார்கள். வன்பொருள், வலையமைப்பு, தரவுத்தளம் எல்லாம் சேரும். 4 முடித்தவர் 5 க்கு விண்ணப்பிக்கலாம். அந்தப் படியில் ஏறி, இரத்மலானையில் உள்ள தொழில்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வரைக்கும் பாதை இருக்கிறது. உயர்தரம் சரிவராத பிள்ளைக்குப் பட்டம் வரை திறந்திருக்கும் கதவு இது. மலையகத்தில் இன்னும் பலருக்கு இது தெரியாது என்பது வேதனை.

நேரமும் இங்கே அதிகம். ஆறு மாத முழுநேர வகுப்பு என்றால் ஏறக்குறைய 130 நாட்கள். நாளுக்கு ஐந்து மணித்தியாலத்தில் பாதி கணினிக்கு முன்னால் என்று வைத்தாலும் 325 மணித்தியாலம். முழுநேர வகுப்புகள் பெரும்பாலும் கட்டணம் இல்லாதவை.

ஆனால் இலவசம் என்பதோடு கணக்கை மூடிவிடக் கூடாது. பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ உள்ள தோட்டத்திலிருந்து நிலையத்துக்குப் போய்வர நாளுக்கு 200 ரூபா என்று வைத்தால், 130 நாளுக்கு 26,000 ரூபா. இரண்டு பஸ் மாற வேண்டியவருக்கு இன்னும் கூடும். இ.போ.ச. பருவச்சீட்டு அந்த நிலையத்து மாணவருக்குக் கிடைக்குமா என்று சேரும் நாளிலேயே விசாரியுங்கள். விடுதி இருந்தால் அதையும் கேளுங்கள்.

மொழிதான் இங்கே பெரிய பள்ளம். நம் மாவட்டங்களில் பல வகுப்புகள் சிங்களத்தில் நடக்கும். தமிழ்ப் பிரிவு போதிய ஆட்கள் சேர்ந்தால்தான் தொடங்கும். "ரெண்டு வாரத்துல பழகிடும்" என்று சேர்த்துவிட்டு, மூன்றாம் மாதம் பிள்ளை நின்றுவிட்டால் அது பிள்ளையின் மந்தம் அல்ல. ஒரே ஊரைச் சேர்ந்த பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, தமிழ் மொழிமூலப் பிரிவு வேண்டும் என்று விண்ணப்பக் காலத்துக்கு முன்பே எழுத்தில் கேட்பது தனித்தனியாகப் போய்க் கேட்பதை விடப் பலன் தரும். கேள்வித்தாளும் செயன்முறை மதிப்பீடும் தமிழில் இருக்குமா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். பேச்சுச் சிங்களம் சரளமாக உள்ள பிள்ளைக்கு இந்தத் தடை இல்லை.

மதிப்பீடு பற்றி ஒரு விஷயம். என்.வீ.கியூ. வில் புள்ளி கிடையாது. ஒவ்வொரு திறன் அலகிலும் செய்து காட்டினாரா, இல்லையா என்பதுதான். மதிப்பீட்டாளர் வரும்போது, பயிற்சிக் காலத்தில் செய்த வேலைகளின் கோவையையும் பார்ப்பார். அதைக் கடைசி வாரத்தில் ஒட்டுப்போட்டுச் செய்ய முடியாது. முதல் வாரத்திலிருந்தே செய்த தாள்களைத் திகதியோடு சேர்த்து வையுங்கள். மதிப்பீட்டுத் திகதியும் சான்றிதழும் வகுப்பு முடிந்து மாதங்கள் தாமதிக்கலாம். அந்த இடைவெளியில் வேலைக்கு விண்ணப்பிக்க, பாடநெறி முடித்ததற்கான கடிதம் ஒன்றை நிலையத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

## டவுனில் தனியார் வகுப்பு

சனி, ஞாயிறு வகுப்பு, உடனே தொடக்கம், காத்திருப்பு இல்லை. தொழிலுக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கும், உயர்தரம் படித்துக்கொண்டே கணினியும் வேண்டும் என்பவருக்கும் இதுதான் வழி. கணக்கியல் மென்பொருள், ஃபோட்டோஷொப் போன்ற ஒரு குறிப்பிட்ட திறன் மட்டும் வேண்டுமானாலும் இங்கேதான் விரைவில் கிடைக்கும்.

வாரம் ஒரு நாள் மூன்று மணித்தியாலம் என்றால் ஆறு மாதத்தில் 78 மணித்தியாலம்தான். வீட்டில் கணினி இல்லாதவருக்கு ஒரு சனிக்கிழமை படித்தது அடுத்த சனிக்கிழமைக்குள் மறந்துவிடும். ஆறு மாதத் தவணைக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்லும் இடத்தில், பயிற்றுநர் பாதியில் போனால் பணம் திரும்புமா என்று கேளுங்கள். "சர்வதேச டிப்ளோமா" என்ற சொல்லுக்குத் தனிப் பெறுமதி இல்லை. யார் வழங்குகிறார், எந்த அலுவலகம் அதை ஏற்கிறது என்பதே பெறுமதி.

## வீட்டில், இணையத்தில்

ஃபோனில் பார்த்துப் படிக்கலாம். ஃபோனில் பழக முடியாது. பத்து விரல் தட்டச்சும், முப்பது வரிச் சம்பளத் தாளும் ஐந்து அங்குலத் திரையில் வராது. பாவித்த மடிக்கணினி வாங்க முடிந்தால் எஸ்.எஸ்.டி. எனும் வேகமான சேமிப்பகமும் 8 ஜீ.பி. ரெம்மும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எஸ்.எஸ்.டி. இல்லாத பழைய இயந்திரம் திறப்பதற்கே பல நிமிடம் எடுத்து, பிள்ளையின் ஆர்வத்தைக் குறைத்துவிடும். விண்டோஸ் 10 க்கான மைக்ரோசொஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. பழகுவதற்கு அது பரவாயில்லை, ஆனால் வங்கி அலுவல்களை அதில் செய்ய வேண்டாம்.

மொரட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக நடத்தும் மென்பொருள் உருவாக்கப் பாடநெறிகள் உண்மையிலேயே தரமானவை. ஆனால் அவை பைத்தன், இணையத்தள வடிவமைப்பு போன்றவை, ஆங்கிலத்தில். ஒஃபிஸ் அடித்தளம் உள்ள, ஆங்கிலம் வாசித்து விளங்கும் பிள்ளைக்கு அடுத்த படியாகச் சொல்லலாம். கணினியே தொடாதவரை இதில் தொடங்க வைப்பது அநியாயம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

கீழே உள்ள நேரமும் பஸ் செலவும் மேலே சொன்ன உதாரணக் கணக்குகள். சமுதாயக் கல்லூரிக்கு நாளுக்கு 80 ரூபா, மற்றவற்றுக்கு 200 ரூபா. உங்கள் ஊர் பஸ் கட்டணத்தைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

| | சமுதாயக் கல்லூரி (3 மாதம்) | அரச நிலையம் (6 மாதம்) | டவுன் வகுப்பு (6 மாதம்) | வீடு |
|---|---|---|---|---|
| கணினி நேரம் | 58–117 மணி | 325 மணி | 78 மணி | உங்கள் ஒழுங்கைப் பொறுத்தது |
| பஸ் செலவு | 3,120 ரூபா | 26,000 ரூபா | 5,200 ரூபா | இல்லை |
| கட்டணம் | குறைவு | பெரும்பாலும் இல்லை | அதிகம் | கணினியும் டேட்டாவும் |
| விளக்க மொழி | தமிழ் | கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் | தமிழ், சிங்களம், ஆங்கிலம் கலந்து | நீங்கள் தேர்வது |
| என்.வீ.கியூ. | அங்கீகாரம் இருந்தால் மட்டும் | உண்டு | அங்கீகாரம் இருந்தால் மட்டும் | நேரடியாக இல்லை |

## யாருக்கு எது

பதினாறு, பதினேழு வயது, கணினி தொட்டதில்லை, சிங்களம் தட்டுத்தடுமாறும் என்றால்: முதலில் சமுதாயக் கல்லூரியில் மூன்று மாதம், அதே காலத்தில் அரச நிலையத்துக்கு விண்ணப்பம். நான்கில் ஒன்றைத்தான் தேர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அடித்தளத்தோடு போகும் பிள்ளை, மொழி சற்றுப் பிந்தினாலும் கையால் ஈடுகொடுக்கும்.

அரச வேலை, டிப்ளோமா, வெளிநாட்டு வேலை மனதில் இருந்தால் என்.வீ.கியூ. 4 க்குக் குறைந்து நிற்க வேண்டாம். பயணம் கஷ்டம்தான், ஆறு மாதம் உறவினர் வீட்டில் தங்க முடியுமா என்று பாருங்கள், 26,000 ரூபா பஸ் காசை விட அது மலிவாக வரலாம்.

ஏற்கெனவே கொமினிகேஷன் கடையிலோ அலுவலகத்திலோ ஓரிரு வருடமாகத் தட்டச்சு செய்பவர் வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், வகுப்புக்குப் போகாமலே மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்து என்.வீ.கியூ. பெறலாம். வேலை செய்த கடை உரிமையாளரின் கடிதம், செய்த வேலைகளின் மாதிரிகள், சம்பளச் சீட்டு ஆகியவற்றை இன்றே சேர்க்கத் தொடங்குங்கள். எக்செலில் பலவீனம் என்றால் அதற்கு மட்டும் டவுன் வகுப்பில் எட்டு வாரம் போய்விட்டு மதிப்பீட்டுக்குப் போகலாம்.

## சேரும் முன் ஒரு நாள்

வகுப்பு நடக்கும் நேரத்தில் போங்கள், அலுவலக நேரத்தில் அல்ல. ஓடும் கணினிகளையும் இருக்கும் தலைகளையும் எண்ணுங்கள். மின்சாரம் போனால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள், மின்சாரம் போனாலும் சற்று நேரம் தாங்கும் யூ.பீ.எஸ். இல்லாத அறையில் மழைக்கால மாலையில் பாதி வகுப்பு கரைந்துவிடும். சென்ற தொகுதி மாணவர் ஒருவர் செய்த எக்செல் கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சூத்திரம் இருக்க வேண்டிய கட்டத்தில் கையால் தட்டிய எண் இருந்தால், அங்கே எக்செல் கற்பிக்கவில்லை. என்.வீ.கியூ. உண்டு என்றால் அங்கீகாரக் கடிதத்தைப் பார்த்து, மதிப்பீட்டாளர் கடைசியாக எந்த மாதம் வந்தார் என்று கேளுங்கள். பெண் பிள்ளையை அனுப்புகிறீர்கள் என்றால் வகுப்பு முடியும் நேரத்துக்கும் கடைசி பஸ்ஸுக்கும் இடையே அரை மணித்தியாலமாவது இருக்கிறதா என்று அந்த பஸ்ஸிலேயே ஒரு தரம் திரும்பி வந்து பாருங்கள்.